நிலக்கரி வாஷரிக்கு மாடல்: ஒரு தொட்டியிலிருந்து தொடங்குவோம்

ஜார்க்கண்டின் ஜரியா கரியில் சாம்பல் அதிகம், அப்படியே உருக்காலைக்கு அனுப்ப முடியாது, வாஷரியில் கழுவ வேண்டும். மேக்னடைட் (இரும்புத் தாது) தூளைத் தண்ணீரில் கலந்த குழம்போடு கரியை சைக்ளோன் என்ற கூம்புக் கலனுக்குள் சுழற்றினால் லேசான கரி மேலேயும் கல் கீழேயும் வெளியேறும். எது எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது குழம்பின் அடர்த்தி. அதனால் முழு ஆலைக்கும் கணக்கு மாடல் எழுத ஆசைப்படாதீர்கள், முதலில் குழம்புத் தொட்டி மட்டும் போதும்.

படி 1: தொட்டிக் கணக்கு

தண்ணீர் ஊற்றினால் மேக்னடைட் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே கொள்ளளவு × (அடர்த்தி − 1) மாறாது. 20 கன மீட்டர் குழம்பு 1.50 அடர்த்தியில் (தண்ணீர் 1) இருக்கிறது, 1.45 வேண்டுமா? 20 × 0.50 = 10, அதை 0.45-ஆல் வகுத்தால் 22.2. அதாவது 2.2 கன மீட்டர் தண்ணீர். எக்செலில் ஒரே வரி.

படி 2: தாமதம்

தண்ணீர் வால்வைத் திறந்ததும் அடர்த்தி மீட்டர் அசையாது, பி.ஐ.டி. (வால்வைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர்) தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஷிப்ட் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, கன்ட்ரோலரை மேனுவலில் போட்டு, வால்வைக் கொஞ்சம் திறந்து, வினாடிக்கு ஒருமுறை அளவைப் பதியுங்கள். மீட்டர் அசையாத நேரம் தாமதம். அசைந்தபின் மொத்த மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்டும் நேரம் கால மாறிலி. எங்கும் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் சரிவை (இறங்கும் வேகத்தை) மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதிர்த்திசையிலும் இதைச் செய்யுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடர்த்தியைக் குறைக்கக் குழாய்த் தண்ணீர் போதும், ஏற்ற வேண்டுமென்றால் கெட்டிக் குழம்பு வர வேண்டும், அது மெதுவாகத்தான் வரும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டால் மாடல் பொய் சொல்லும்.

படி 3: பிரிப்பு வளைவு

இதை டிராம்ப் வளைவு என்பார்கள். துகளின் அடர்த்தியில் வெட்டு அடர்த்தியை (துகள்கள் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் போகும் அடர்த்தி) கழித்து, ஈ.பி. என்ற எண்ணால் (பிரிப்பின் துல்லியம், சிறியதானால் நல்லது) வகுத்து, விடையை 3-இன் அடுக்காகப் போட்டு, 1 கூட்டி, 1-ஐ அதால் வகுங்கள். நல்ல கரிப் பக்கம் போகும் பங்கு கிடைக்கும். வெட்டு 1.45, ஈ.பி. 0.03 என்றால் 1.50 அடர்த்தித் துகள்களில் 14 சதவீதம் நல்ல கரியில் கலக்கும். வெட்டு 1.47-க்கு நகர்ந்தால் அதுவே 25 சதவீதம்! வெறும் 0.02-க்கு இவ்வளவு. ஒன்று கவனம்: சைக்ளோனில் வெட்டு அடர்த்தி வழக்கமாகக் குழம்பு அடர்த்தியைவிடச் சற்று அதிகம், அந்த வித்தியாசத்தை மிதவை-மூழ்கு சோதனையில் (வெவ்வேறு அடர்த்தித் திரவங்களில் எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்ப்பது) எடுங்கள்.

படி 4: இணைப்பு

பெல்ட்டில் உள்ள சாம்பல் மீட்டர் தாமதமாகத்தான் பேசும். ஆகவே அடர்த்தி லூப் (அளந்து திருத்தும் சுற்று) உள்ளே வேகமாக ஓடட்டும், சாம்பல் லூப் வெளியே நிதானமாக அதன் செட் பாயின்ட்டை (இலக்கு அடர்த்தியை) நகர்த்தட்டும்.

வால்வோடு உடனே இணைக்காதீர்கள். ஒரு வாரம் பக்கத்துத் திரையில் ஓடட்டும், இரவு ஷிப்டில் ஆபரேட்டர் கையால் தண்ணீர் விடும்போது மாடலும் அதே அளவைச் சொல்கிறதா என்று பாருங்கள்.