கினி பிக் சொறிகிறதா? தைலத்தைத் தொடாதீர்கள்

ஊட்டியில் எங்கள் வீட்டில் தலைவலி, சளி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து நீலகிரித் தைலம். அதனால் 'மிளகு' என்று பெயர் வைத்த எங்கள் கினி பிக் முதுகைச் சொறிய ஆரம்பித்ததும், அம்மா பஞ்சில் ரெண்டு சொட்டு விட்டுத் தடவப் போய்விட்டார். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். உடம்பில் எதைத் தடவினாலும் கினி பிக் நக்கிவிடும். யூகலிப்டஸ் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போனால் விஷம்தான்.

அம்மாவைத் தடுத்த நான் செய்தது மட்டும் என்ன? "ஜனவரி உறைபனி, தோல் வறண்டிருக்கும்" என்று பத்து நாள் விட்டுவிட்டேன். அதற்குள் தோள்பட்டையிலிருந்து முதுகுவரை முடி கொத்துக்கொத்தாக வந்தது. அடியில் மஞ்சள் பொருக்கு. விரல் பட்டாலே கிறீச்சிட்டுச் சுருண்டது. தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர், சொறிப்பூச்சி என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. முற்றினால் அரிப்பிலேயே வலிப்பு வந்துவிடும். வெளியே விடாமல் வளர்த்தாலும் வரலாம். சத்தமில்லாமல் உடம்பில் இருந்துவிட்டு, பிராணி தளரும்போது பெருகும்.

முடி எந்த இடத்தில் போகிறது என்று பார்க்காமல் மருந்து தேடுவதுதான் பெரிய தவறு. மூக்கு, கண், காது ஓரங்களில் வட்டமாகச் செதில் உதிர்ந்தால் பெரும்பாலும் படர்தாமரை. அது நமக்கும் ஒட்டும், குழந்தைகள் தூக்கிக் கொஞ்சிய கையைக் கழுவ வேண்டும். இரண்டு வயது தாண்டிய பெண் கினி பிக்குக்கு அரிப்பே இல்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கழிந்தால், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். அதற்கு எந்தக் களிம்பும் உதவாது. முடி கத்தரியால் வெட்டியது போல் குட்டையாக இருந்தால், பெரும்பாலும் கூட இருக்கும் கினி பிக் கடிக்கிறது. காதுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வழுக்கை மட்டும் பிறவியிலேயே உள்ளது, பயப்பட வேண்டாம்.

சொறிப்பூச்சி என்று தெரிந்ததும் சிலர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற பூச்சிக்கொல்லி ஊசி மருந்தை வாங்கிவந்துவிடுகிறார்கள். அதில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. ஒரு கிலோ கினி பிக்குக்குத் தேவையோ அரை மில்லிகிராம்கூட இல்லை. 'கொஞ்சமாக'ப் போட்டாலும் பல மடங்கு ஏறிவிடும். எடை பார்த்து டாக்டர்தான் போட வேண்டும். முட்டையை அது கொல்லாது என்பதால், இடைவெளி விட்டு மறுபடியும் போட வேண்டியிருக்கும். முதல் ஊசியில் சொறிவது குறைந்ததும் நிறுத்திவிட்டால் பழைய கதைதான்.

அப்புறம் கேரட். நம் ஊர் விளைச்சல், மலிவு. அதையே மூன்று வேளையும் போடுகிறோம். நம்மைப் போலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி உடம்பில் சுரக்காது. கேரட்டில் அது சொற்பம். குடைமிளகாய், ப்ராக்கோலியில் பல மடங்கு, ஒரு துண்டு கொய்யாவில் இன்னும் அதிகம். சத்து குறைந்தால் முடி சொரசொரக்கும், தோல் புண் ஆறாது, மூட்டு வீங்கும். வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் பாட்டிலில் கலப்பதும் வீண். வீரியம் சீக்கிரமே குறைந்துவிடும். நேராக வாயில் கொடுங்கள்.

நாற்றம் போக வாராவாரம் நாய் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது இங்கே ரொம்ப ஆபத்து: தோலும் வறளும், மேகமூட்டத்தில் காயாமல் நிமோனியாவும் வரும். நாற்றம் கூண்டில்தான் இருக்கும், அதைக் கழுவுங்கள். ஜூலை மழையில் புல் ஈரத்தோடு வந்தால் பூஞ்சை பூத்துவிடும். உதறி, முகர்ந்து பார்த்துப் போடுங்கள்.

மிளகுக்கு முடி முளைத்துவிட்டது. ஆனால் அதோடு ஒரே கூண்டில் இருந்த இன்னொரு கினி பிக் 'கடுகு' சொறியவில்லையே என்று அதற்கு ஊசி போடாமல் விட்டிருந்தேன். மூன்றாவது வாரம் கடுகு சொறிய ஆரம்பித்தது. இரண்டுக்கும் சேர்த்து, முதல் ஊசியிலிருந்து மறுபடியும்.