விதியை மாற்றச் சொல்லி எழுதும் மனுவில் நாம் செய்யும் தவறுகள்

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு வரும் மனுக்களில் இரண்டு ரகம் உண்டு. 'என் பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்தித் தாருங்கள்' என்பது ஒன்று. 'இப்படி ஒரு விதியே கூடாது' என்பது இன்னொன்று. முதல் ரகத்துக்கு அதுதான் சரியான இடம். இரண்டாவதையும் அங்கேயே கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற தவறு. விதியை அமல்படுத்துகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு. கலெக்டரே மனசு வைத்தாலும் மாநில விதியில் ஒரு வார்த்தையை மாற்ற முடியாது. மனுவைச் சென்னைக்கு அனுப்பி வைப்பார், அவ்வளவுதான்.

அப்படியானால் யாரிடம் போவது? மத்திய அரசில் தேவையற்ற படிவம், பதிவேடு, உரிமம் ஆகியவற்றைக் குறைக்கும் வேலையை ஒருங்கிணைப்பது தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை. மாநில விதி என்றால், தலைமைச் செயலகத்தில் அந்த விதிக்குச் சொந்தமான துறையின் செயலாளருக்கு எழுத வேண்டும்.

காருகுறிச்சி மண்பாண்டத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக் களிமண் எடுக்க அனுமதி வேண்டும். அது தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் கீழ் வருகிறது. முன்பு இதற்கு மாவட்ட அளவில் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2024-இல் விதியைத் திருத்தி, தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் தாசில்தாரிடம் எவ்வளவு மன்றாடியிருந்தாலும் வேலை நடந்திருக்காது, அவர் கையில் அந்த அதிகாரமே இல்லை. இதிலேயே இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: விதி மாறிய பிறகும் பழைய நினைப்பில் பழைய வாசலிலேயே போய் நிற்பது. மனு எழுதும் முன், இன்றைய தேதியில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

விதியே இல்லாததை விதி என்று நம்புவது இதைவிட மோசம். எனக்குத் தெரிந்த மாவு மில் அண்ணாச்சி ஒருவர் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டாரோடு வாய்த்தகராறு வந்த வருஷம்தான் சிக்கல். தகவல் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே ஒரு கேள்வி போட்டோம்: 'எந்த விதி எண்ணின்படி இந்தக் கடிதம் கேட்கப்படுகிறது?' வந்த பதிலில் விதி எண் எதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் யாரோ எப்போதோ தொடங்கிய வழக்கம். சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை, வெறும் வழக்கம் இவற்றில் உங்களைத் தடுப்பது எது என்று தெரியாமல் எழுதும் மனு குருட்டாம்போக்கில் எறிந்த கல்தான். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பதிலுக்கு 30 நாள் கெடு. 10 ரூபாய்தான் செலவு.

அடுத்தது தேதி. சில சட்டங்களில் வரைவு விதியை முதலில் அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணை கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 23 இதற்கான முறையைச் சொல்கிறது. குறித்த தேதிக்குள் வந்ததைத்தான் பரிசீலித்தாக வேண்டும். இறுதி விதி வந்த பிறகு புலம்பி என்ன செய்ய? மொழி புரியவில்லை என்பதும் கேட்க வேண்டிய விஷயம்தான். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கடைசி நாளும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது.

ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் போட்டு ஐம்பது பேர் கையெழுத்திட்டு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்ப்பவருக்கு அது ஒரே கருத்துதான். அதைவிட ஒரே ஒருவர், 'இந்த உட்பிரிவின்படி மூன்று முறை நேரில் வர வேண்டியிருக்கிறது. பஸ் செலவு இவ்வளவு, போன கூலி இவ்வளவு. இதற்குப் பதில் வார்த்தைகளை இப்படி மாற்றலாம்' என்று எழுதினால் அது கோப்பில் ஏறும். அதிகாரியைத் திட்டும் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

விதி தளர்ந்தால் கடமையே போய்விட்டது என்று நினைப்பதும் உண்டு. சிறு மீறல்களுக்கான தண்டனைகளைத் தளர்த்த வந்த 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு 5 ஆண்டு வரை சிறை இருந்த இடத்தில் இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை தண்டத்தொகை. கம்பிதான் போனது, கடமை அப்படியே இருக்கிறது.

கல்குவாரி போன்ற திட்டங்களுக்கு நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் விதியைப் பற்றியது அல்ல. ஆனாலும் அங்கே செய்யும் ஒரு தவறைச் சொல்லாமல் விட மனமில்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு, இந்தக் கூட்டங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கிடையாது. 'நாம் போகாவிட்டால் கூட்டம் நடக்காது' என்று வீட்டில் இருந்தால், கூட்டம் நம்மை விட்டுவிட்டு நடந்து முடியும். போகிறவர்களும் மைக்கில் சத்தம் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நாம் சொன்னது அதில் விடுபட்டிருந்தால் அப்போதே எழுந்து கேட்கலாம்.