பழைய டைவிங் தொடரில் சேம்பர் காட்சி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

டைவிங் தொடர் என்றால் எனக்கு ‘சீ ஹன்ட்’தான். 1958-லிருந்து 1961 வரை 155 எபிசோடு, எல்லாம் கறுப்பு வெள்ளை. மைக் நெல்சனாக லாயிட் பிரிட்ஜஸ். தண்ணீருக்குள் வாயைத் திறக்க முடியாதே, அதனால் அவர் குரலே பின்னணியில் கதை சொல்லும். டைவிங்கால் வரும் நோய்க்குச் சிகிச்சை தர அழுத்தத்தை ஏற்றி இறக்கும் மூடிய அறையான டிகம்ப்ரெஷன் சேம்பருக்குள் நோயாளிக்குத் துணையாக இருக்கும் டெண்டர் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத் தொடர்களை இப்போது தேடிப் பார்ப்பவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

முதலில் முதுகைப் பாருங்கள். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி விடும் கருவிதான் ரெகுலேட்டர். அன்றைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டரில் குமிழிகள் கழுத்துக்குப் பின்னால் போய்விடும். நடிகரின் முகம் மறையாது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டர் அப்போது பெரும்பாலும் கிடையாது. மூச்சு இழுக்கக் கஷ்டமானால் மிச்சம் வைத்த கடைசிக் காற்றைத் திறக்கும் ரிசர்வ் கம்பியை இழுத்துவிட்டு மேலே வர வேண்டியதுதான். காற்று தீர்ந்து தவிக்கும் காட்சியை மிகை என்று சிரிக்காதீர்கள்.

இனி சேம்பர். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 4 மடங்கு. நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாக வெளிப்படும். தோள், முழங்கை, முட்டியில் வலி வரும். மோசமானால் கால் மரத்துப்போகும், சிறுநீர் பிரியாது. மறுபடி அழுத்தத்தை ஏற்றிக் குமிழியைச் சுருக்கி, நிதானமாக இறக்குவதுதான் சிகிச்சை.

கதவு மூடியதும் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். இன்று பரவலாக உள்ள அமெரிக்கக் கடற்படையின் சிகிச்சை அட்டவணையான டேபிள் 6-இல், 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பிறகு 9 மீட்டருக்கு இறக்குவார்கள். மொத்தம் 4 மணி 45 நிமிடம். 18-லிருந்து 9-க்கு இறங்க மட்டும் அரை மணி நேரம். வெளியே வால்வு பிடித்திருப்பவர் குழாயைத் திறப்பதுபோல் சக்கரத்தைச் சுழற்றினால் அது டிவிக்காக. ‘சீ ஹன்ட்’ ஓடிய நாளில் இந்த டேபிளே கிடையாது. அன்றைய டேபிள் 4-க்குப் போனால், 50 மீட்டரில் தொடங்கி 38 மணி நேரத்தைத் தாண்டும். அரை மணி நேர எபிசோடாகக் கணக்குப் போட்டால், ஆள் வெளியே வருவதற்குள் பாதித் தொடர் முடிந்துவிடும்!

உள்ளே இருப்பவர் முகத்தைக் கவனியுங்கள். காற்று ஏறும்போது இரைச்சலில் பேச்சே கேட்காது. உள்ளே புழுங்கி வியர்க்கும். மூக்கைப் பிடித்து ஊதி, எச்சில் விழுங்கிக் காதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். காது அடைத்தால் கையைத் தூக்குவார்கள், ஏற்றுவது நிற்கும். 50 மீட்டரில் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும், விசில் அடிக்க வராது. இறக்கும்போது மூடுபனி படர்ந்து குளிரும். இவை எதுவும் இல்லாமல் ஒருவர் கம்பீரமாக வசனம் பேசினால், அது செட்.

சிகரெட், லைட்டர், எண்ணெய்ப் பசை உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிஜன் கூடிய அறையில் பொறி பட்டால் போச்சு. சேம்பர் சுவரில் இரண்டு கதவுள்ள சின்னப் பெட்டியான லாக் வழியாகச் சாப்பாடு, மருந்து உள்ளே போவதைக் காட்டியிருந்தால் அந்த இயக்குநருக்கு ஒரு சபாஷ்.

ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்: வலி வந்தவனை மறுபடி தண்ணீருக்குள் அனுப்புவது. நீங்கள் டைவ் செய்பவராக இருந்து அறிகுறி தெரிந்தால் படுக்க வேண்டும், முழு ஆக்சிஜன் எடுக்க வேண்டும், சேம்பர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் டைவ் முடிந்து விமானம் ஏறப் பொறுங்கள்: மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று வரும் டீகோ நிறுத்தம் தேவைப்படாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18.

சிகிச்சை முடிந்தவர் சில மணி நேரமாவது சேம்பர் பக்கத்திலேயே இருப்பார். நைட்ரஜன் ஏறிய டெண்டரும் கடைசியில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கொள்வார். உங்கள் ஹீரோ அடுத்த காட்சியிலேயே சிலிண்டரை மாட்டிக் குதித்தால் சேனலை மாற்றாதீர்கள். சண்டை அங்கேதான் வரும்.