மனதுக்குள் விரியும் இடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை, கொழும்பு. இந்த இரண்டில் எது கிழக்கே இருக்கிறது? வரைபடத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் 'கொழும்பு' என்றுதான் பதில் வரும். இலங்கை நமக்குத் தென்கிழக்கே கடலில் இருக்கிறது, அதனால் அங்கிருக்கும் ஊரும் கிழக்கேதான் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் கொழும்பு 79.86 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, சென்னை 80.27 பாகையில் இருக்கிறது. சென்னைதான் 40 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளி நிற்கிறது. யாழ்ப்பாணம்கூட சென்னைக்குச் சற்று மேற்கேதான்.

1978இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரு உளவியலாளர்கள் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மேற்கே இருக்கிறதா, நெவாடாவின் ரீனோ மேற்கே இருக்கிறதா? கலிஃபோர்னியா மேற்குக் கரை மாநிலம் என்பதால் சான் டியேகோதான் மேற்கே என்று பலரும் சொன்னார்கள். உண்மையில் மேற்கே இருப்பது ரீனோ. மனம் ஒவ்வொரு ஊரையும் தனித்தனியாக அளந்து குறித்துவைப்பதில்லை. சின்ன டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் போட்டு அடுக்குகிறது. பெரிய டப்பா எந்தத் திசையோ, உள்ளே இருப்பதும் அந்தத் திசை என்று எடுத்துக்கொள்கிறது.

ஊர்களை மட்டும் இப்படி வைப்பதில்லை. நேரம், எண், படித்த பாடம், சொந்தபந்தம் என எல்லாவற்றுக்கும் மனதில் ஓர் இடம் ஒதுக்கித்தான் நாம் யோசிக்கிறோம். 'அதை ஓரமா வை', 'நெருங்கின சொந்தம்', 'மேலதிகாரி' என்று பேச்சிலேயே அது தெரிகிறது. நான் பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாபகப் பயிற்சி சொல்லித்தருகிறேன். இந்த மன இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றில் ஒன்று நானே செய்தது.

படம் தெரிந்தே ஆகவேண்டும் என்பது

'கண்ணை மூடு, படமா பாரு' என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், கண்ணை மூடினா எனக்கு இருட்டாத்தான் இருக்கு. மத்தவங்களுக்கு நெஜமாவே படம் தெரியுதா?" என்றாள். அவள் கவனம் இல்லாமல் இருக்கிறாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

அவளைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1880இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடமும், காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவந்து விவரிக்கச் சொன்னார். சிலர் நேரில் பார்ப்பதுபோல் சொன்னார்கள். சிலர் படமே இல்லை என்றார்கள். 2015இல் ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் இந்த நிலைக்கு 'அஃபான்டேசியா' என்று பெயரிட்டார்கள்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, படம் வேறு, இடம் வேறு. 2021இல் வில்மா பெயின்பிரிட்ஜ் குழுவினர் அஃபான்டேசியா உள்ளவர்களிடம் அறைகளின் புகைப்படங்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வரைந்த பொருள்கள் குறைவு, நிறமும் குறைவு. ஆனால் வரைந்த பொருள்களை வைத்த இடம் மற்றவர்கள் வைத்ததற்குச் சளைக்காமல் சரியாக இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் ஒரு வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்த்து ஒப்பிடுகிறார்கள் என்பது 1970களிலேயே சோதித்து அறியப்பட்டது.

ஆகவே பிள்ளையிடம் 'என்ன தெரியுது?' என்று கேட்காமல் 'எங்கே இருக்கு?' என்று கேளுங்கள். அந்தப் பெண்ணிடம் அப்படிக் கேட்டபோது, அவள் வீட்டில் சர்க்கரை டப்பா எந்தத் தட்டில், எதற்கு வலப்பக்கம் இருக்கிறது என்று தயங்காமல் சொன்னாள்.

நினைவு வீடு கட்டும்போது

தெரிந்த வீட்டுக்குள் நடந்துபோய், ஒவ்வோர் இடத்திலும் மனப்பாடம் செய்யவேண்டிய ஒன்றை வைத்துவிட்டு வருவது பழைய முறை. இது வேலை செய்கிறது. 2017இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையை தினம் அரைமணி நேரம், ஆறு வாரம் பழகிய சாதாரண ஆட்கள், 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பைவிடச் சராசரியாக 35 சொற்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். நான்கு மாதம் கழித்தும் அந்தத் திறன் பெருமளவு நின்றது. பிறவி ஞாபகசக்தி எதுவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பலர் இரண்டு நாள் முயன்று 'நமக்கு வராது' என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வீடுதான்.

என் மாணவன் ஒருவன் பள்ளிக்கூட வராந்தாவைத் தேர்ந்தெடுத்தான். வரிசையாக எட்டு வகுப்பறை, எல்லாம் ஒரே பச்சைக் கதவு. மூன்றாம் அறையில் வைத்தது ஐந்தாம் அறையில் கிடைத்தது, ஆறில் வைத்தது காணாமலே போனது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத லத்தீன் பேச்சுக்கலைக் கையேடு ஒன்று இதைத் தெளிவாக எச்சரிக்கிறது. ஒரே மாதிரியான தூண் இடைவெளிகளில் வைக்காதே, குழம்பும். இடங்கள் மிக இருட்டாகவும் வேண்டாம், கண் கூசும் வெளிச்சமாகவும் வேண்டாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 அடி இடைவெளி விடு. ஐந்தாவது இடத்தில் ஒரு பொன் கையை வை, பத்தாவது இடத்தில் 'டெசிமஸ்' என்ற பெயருள்ள நண்பனை நிறுத்து, லத்தீனில் அந்தப் பெயருக்குப் பத்தாவது என்று பொருள். எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த அறிவுரையில் இன்றைக்குத் திருத்த எதுவும் இல்லை என்பேன்.

அந்தப் பையனிடம் அவன் தாத்தா வீட்டைக் கேட்டேன். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுப்படி, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, வேலிப்படல். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத எட்டு இடம். சூரியனிலிருந்து கோள்களை வரிசையாக வைத்தோம். திண்ணையில் வாடாத புதினாக் கட்டு, அது புதன். ரேழியில் ஆள் இல்லாமல் தானே நடக்கும் வெள்ளிக் கொலுசு. முற்றத்து மண்ணை உருட்டி வைத்த பூமி உருண்டை. கூடத்தில் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு அத்தை, செவ்வாய். அடுப்படிக் கதவுக்குள் நுழையாமல் மாட்டிக்கொண்ட பெரிய அண்டா, கோள்களில் பெரிதான வியாழன். கிணற்றடியில் எண்ணெய் வழிய நிற்கும் மாமா, சனிக்கிழமைக் குளியல். கொட்டகையில் மாடு முட்டிக் கிழித்த யூரியா மூட்டை, யுரேனஸ். வேலியில் காற்றுக்கு ஆடும் நெய் டின், நெப்டியூன். ஒரே தடவைதான் நடந்தோம். திரும்பி வேலியிலிருந்து திண்ணைவரை பின்னோக்கியும் தவறில்லாமல் சொன்னான்.

கவனியுங்கள், ஒன்றுகூட சும்மா கிடக்கவில்லை. கொலுசு நடக்கிறது, அண்டா மாட்டிக்கொள்கிறது. வெறும் பெயரைக் கொண்டுபோய் வைத்தால் அது அங்கே நிற்காது. அதேபோல் ஒரே வீட்டில் அன்றைக்கே வேறு பட்டியலையும் ஏற்றாதீர்கள். பழைய புதினா போகுமுன் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் இரண்டும் கலந்துவிடும். இரண்டு மூன்று வீடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

எல்லாவற்றையும் வீட்டில் அடைக்க முயல்வதுதான் இருப்பதில் பெரிய தவறு. வீடு வரிசையைத் தரும், காரணத்தைத் தராது. செவ்வாய் ஏன் சிவப்பு என்று கேட்டால் அத்தையின் வெற்றிலை உதவாது. அதன் மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு பற்றித் தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முன்னும் பின்னும்

'எதிர்காலம் முன்னே, கடந்தகாலம் பின்னே, மனித மூளை இப்படித்தான்' என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. ஆண்டிஸ் மலைப்பகுதியின் ஐமாரா மொழியில் 'நயிரா' என்றால் கண், முன்பக்கம், கடந்தகாலம். நடந்ததைப் பார்த்துவிட்டோம், அதனால் அது கண்முன் இருக்கிறது. வரப்போவது முதுகுக்குப் பின்னால். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்த மொழி பேசும் முதியவர்கள் எதிர்காலத்தைப் பேசும்போது கையைப் பின்னோக்கி அசைப்பதைப் பதிவுசெய்தது. வட ஆஸ்திரேலியாவின் போர்ம்புராவ் மக்களிடம் ஒரு மனிதர் முதுமையடையும் படங்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னபோது, கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கினார்கள். வடக்கு பார்த்து உட்கார்ந்தால் வலமிருந்து இடம், தெற்கு பார்த்து உட்கார்ந்தால் இடமிருந்து வலம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 'முன்பு, முன்னோர் என்று தமிழன் கடந்தகாலத்தை முன்னே வைத்தான், ஆகவே நம் சிந்தனையே வேறு' என்பது. 'எதிர்காலம்' என்ற சொல்லை அவர்கள் மறந்துவிட்டார்கள். எதிரே வருவது எதிர்காலம். தமிழில் இரண்டும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. 'முன், பின்' என்னும்போது நிகழ்ச்சிகள் ரேஷன் கடை வரிசைபோல நிற்கின்றன, முதலில் வந்தவர் முன்னே. 'எதிர்' என்னும்போது நான் ஒரு பாதையில் நிற்கிறேன், காலம் என் முகத்துக்கு நேரே வருகிறது. ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் இனத்தின் மனதை அளப்பது சரியல்ல.

தூரத்தையும் உயரத்தையும் கலப்பது

உறவுகளுக்கு வருவோம். 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்கிறோம். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் அவர் இருக்கிறார். சொல்லுக்குள்ளேயே தூரம் எண்ணப்பட்டிருக்கிறது.

2015இல் ரீட்டா தவாரெஸ், டேனியலா ஷில்லர் ஆகியோரின் குழு ஒரு சோதனை செய்தது. புது ஊருக்கு வந்து வேலையும் வீடும் தேடுவதாக ஒரு விளையாட்டு. அதில் பலரோடு பேசிப் பழகவேண்டும். விளையாடியவர்களின் மூளையில், வழி அறிய உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி, ஒவ்வொருவரும் நெருக்கம், அதிகாரம் என்ற இரண்டு அச்சுகளில் எங்கே நகர்கிறார் என்பதைப் பின்தொடர்ந்தது.

இரண்டு அச்சு என்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் பலர் அம்மாவை 'நீ' என்பார்கள், அப்பாவை 'நீங்க' என்பார்கள். அம்மா கீழே இருக்கிறார் என்பதால் 'நீ' வரவில்லை, பக்கத்தில் இருக்கிறார் என்பதால் வருகிறது. அப்பாவின் 'நீங்க'வில் உயரமும் இருக்கலாம், தூரமும் இருக்கலாம், அன்பு குறைவு என்று பொருளில்லை. 'அவர் என்னை எட்ட வைத்திருக்கிறார்' என்று வருந்தும் பலரிடம் பொறுமையாகக் கேட்டால், தூரம் இல்லை, உயரம்தான் உறுத்தியிருக்கிறது என்று தெரியவரும். இரண்டுக்கும் மருந்து வேறு.

உறவை நிலத்தில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. கூடல் குறிஞ்சி, காத்திருத்தல் முல்லை, ஊடல் மருதம், இரங்கல் நெய்தல், பிரிவு பாலை. இதைப் பூகோளப் பாடமாக மட்டும் படிப்பது ஒரு தவறு. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை ஆகின்றன என்கிறது சிலப்பதிகாரம். பிரிவு தனியாக ஓரிடத்தில் இல்லை, கூடியிருந்த இடமே காய்ந்து அப்படி ஆகிறது. இதை மூளை அறிவியலுக்குச் சான்றாகக் காட்டுவது இன்னொரு தவறு. அது இலக்கண மரபு, அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

மன இடத்தின் பெயரால் சொல்லப்படும் இரண்டு தவறான யோசனைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேசும்போது கண் எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லித்தருகிறார்களே, அதை நம்பவேண்டாம். 2012இல் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்றார்கள். அடிக்கிற கணவனை 'மனதில் சின்னதாக்கித் தூரத்தில் வை' என்று மனைவியிடம் சொல்லி அனுப்பும் ஆலோசனையும் ஆபத்தானது. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பான நிஜ இடம்.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை மறப்பது

1978இல் மிலான் நகரில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டு, இடப்பக்கத்தைக் கவனிக்க முடியாமல் போன இரு நோயாளிகள். அந்த ஊரின் பேராலயச் சதுக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு, சுற்றி இருப்பதைச் சொல்லுங்கள்' என்றார்கள். வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள், இடப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டது. 'இப்போது ஆலயப் படியில் நின்று வெளியே பார்ப்பதாக நினையுங்கள்' என்றார்கள். சற்று முன் விடுபட்டவை இப்போது வலப்பக்கம் வந்தன, அவற்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை விடுபட்டன. சதுக்கம் முழுவதும் அவர்கள் நினைவில் இருந்தது. நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பாதிதான் கைக்கு வந்தது.

வீட்டில் நானும் தங்கையும் ஒருமுறை தரையில் புளியங்கொட்டைகளை வைத்து, ஆளுக்கொரு பக்கம் எங்கள் குடும்பத்தை அடுக்கினோம். நான் அப்பாவை மேலே, ஒரு சாண் தள்ளி வைத்தேன். அவள் தன் கொட்டைக்கு ஒட்டினாற்போல் வைத்தாள். யார் வைத்தது சரி என்று வாதாடத் தொடங்கி, பிறகு இடம் மாறி உட்கார்ந்து, மற்றவர் அடுக்கியதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தோம். நான் வைத்ததில் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்று அப்போதுதான் கண்டேன். வைத்தது நான்தான்.

நீங்கள் செய்து பார்ப்பதானால், கொட்டைகளைக் கலைக்குமுன் ஒரு போட்டோ எடுத்து, தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து, பழைய போட்டோவைப் பார்க்காமல் மறுபடி அடுக்கிவிட்டு, அதன் பிறகு எடுத்துப் பாருங்கள்.