எட்டுப் பேருக்கு ஆம்பூர் பிரியாணி: முதல் முறை செய்பவர்களுக்கு

பிரியாணியில் பட்டை ஒரு துண்டு கூடினாலும் கிராம்பு இரண்டு குறைந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீர் கூடினால் தெரியும். கறி வேகாமல் அரிசியைக் கொட்டினால் தெரியும். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியும் அடுப்படியில் பாத்திரம் உருண்டுகொண்டிருந்தால் தெருவுக்கே தெரியும். எனவே மசாலாவைப் பற்றிக் கொஞ்சமாகவும், தண்ணீரையும் நேரத்தையும் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

ஆம்பூர் முறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது ஆம்பூர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் பிரியாணிக்கும் பெயர் பெற்ற ஊர். ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்த முறை இது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நமக்கு முக்கியமானது வேறு: இதில் மசாலாப் பொடி கிடையாது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, மூன்றே மூன்று வாசனைப் பொருட்கள், அவ்வளவுதான். கறியைத் தனியாகவும் அரிசியைத் தனியாகவும் வேகவைத்துக் கடைசியில் சேர்ப்பதால், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சரிசெய்ய இடம் இருக்கிறது. அளந்த தண்ணீரில் அரிசியையும் கறியையும் ஒன்றாக வேகவிடும் திண்டுக்கல் முறை அருமையானதுதான். ஆனால் அதில் ஒரு தம்ளர் தவறினால் திரும்பி வர வழியில்லை. கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

வாங்க வேண்டியவை

- ஆட்டுக்கறி 1 கிலோ
- சீரகச் சம்பா அரிசி 1 கிலோ
- பெரிய வெங்காயம் 500 கிராம், தக்காளி 400 கிராம்
- பூண்டு 120 கிராம் (உரித்தது), இஞ்சி 80 கிராம்
- காய்ந்த நீட்டு மிளகாய் 20
- கெட்டித் தயிர் 150 மில்லி
- பட்டை (விரல் நீளத்தில்) 3 துண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 6
- புதினா ஒரு கட்டு, கொத்துமல்லி ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் 2
- கடலை எண்ணெய் 200 மில்லி, நெய் 2 மேசைக்கரண்டி
- கல் உப்பு

சோம்பு, அன்னாசிப்பூ, பிரிஞ்சி இலை, கடையில் விற்கும் பிரியாணி மசாலா எதுவும் வேண்டாம். சேர்த்தால் குற்றமில்லை, ஆனால் அது வேறு ஊர்ப் பிரியாணியாகிவிடும்.

எண்ணெயின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எட்டுப் பேருக்குப் பிரிந்து போகிறது. பாதியாகக் குறைத்தால் மிளகாய் விழுதின் பச்சை வாடை போகாது, அடியும் பிடிக்கும்.

கறிக்கடையில் ‘பிரியாணிக்கு’ என்று சொன்னால் போதாது. தொடை பாதி, நெஞ்செலும்பும் கழுத்தும் சேர்ந்து பாதி என்று கேட்டு வாங்குங்கள். எலும்பில்லாத வெறுஞ்சதை மட்டும் போட்டால் சாறு இறங்காது. ஒரு கிலோவுக்கு இருபது, இருபத்திரண்டு துண்டுகள் வருகிற அளவில் வெட்டச் சொல்லுங்கள். சிறிதாக வெட்டினால் தம்மில் உடைந்து காணாமல் போகும். இளங்கறியாக இருப்பது மிகவும் முக்கியம். முற்றிய ஆட்டுக் கறி ஒன்றரை மணி நேரம் வெந்தாலும் பிடிவாதமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிந்ததும் கடைக்குப் போய்விடுவது நல்லது.

அரிசி ஒரு வருடமாவது பழையதாக இருக்கட்டும். புது அரிசி குழையும். கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பாத்திரம் எட்டு முதல் பத்து லிட்டர் பிடிக்கும் அடிகனமான தேக்சாவாக இருக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு இவ்வளவு பெரிதா என்று தோன்றும். அரிசி வெந்து கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், கறி வேறு இருக்கிறது, கிளறவும் இடம் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கிண்ணம் பிரியாணியும் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கடிகாரம்

இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். எட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 7:15க்குத் தம். 6:50க்குக் கறி வெந்திருக்க வேண்டும். 5:00க்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். 4:00க்கு உட்கார்ந்து உரிக்கவும் நறுக்கவும் தொடங்க வேண்டும். கத்திரிக்காய்த் தொக்கை மதியமே முடித்துவிடலாம், அது ஆறி ஊறினால்தான் ருசி. இனிப்பைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவையே பாயசமும் நானே செய்வேன் என்று கிளம்பினால் பிரியாணியும் போகும், பாயசமும் போகும்.

மிளகாய் விழுது

காம்பு கிள்ளிய மிளகாயைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். குழந்தைகள் சாப்பிடுவார்கள் என்றால் விதைகளைத் தட்டிவிடுங்கள், அல்லது நீட்டு மிளகாய் பத்து, காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய் பத்து என்று கலந்துகொள்ளுங்கள். நிறம் குறையாது. ஊறிய மிளகாயை மையாக அரைக்க வேண்டும். தோல் திப்பிதிப்பியாக நின்றால் சோற்றில் சிவப்புத் துணுக்குகளாகத் தெரியும். இஞ்சியையும் பூண்டையும் தனித்தனியாக அரைத்து வையுங்கள்.

கறி

தேக்சாவில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காயைப் போடுங்கள். அவை பொரிந்ததும் நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிய வெங்காயம். இது பொன்னிறமாக ஒரு கால் மணி நேரம் ஆகும். இந்தக் கால் மணி நேரத்தைத் திருடாதீர்கள். வெளுத்த வெங்காயத்தோடு மேலே போனால் பிரியாணி இனித்து வழியும். அதே சமயம் கருகவும் கூடாது. ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

முதலில் பூண்டு விழுது. அது வதங்கி வாசம் மாறியதும் இஞ்சி விழுது. இஞ்சி அடிப்பிடிக்கும், அதனால்தான் பின்னால். அடுத்து மிளகாய் விழுது. மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நிறம் அடர்ந்து, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசியும்போது பச்சை வாடை போய்விட்டது என்று அறியலாம். இப்போது தக்காளியும் பாதிப் புதினா, கொத்துமல்லியும். தக்காளி கரைந்ததும் கறியைப் போட்டு, கல் உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி சேர்த்து, பெரிய தீயில் பத்து நிமிடம் பிரட்டுங்கள். கறியின் சிவப்பு போய் வெளுத்துவிடும், அதிலிருந்தே தண்ணீர் விடத் தொடங்கும். பிறகு தீயைக் குறைத்து, கடைந்த தயிரை ஊற்றிக் கலக்குங்கள். பெரிய தீயில் தயிரை ஊற்றினால் திரிந்து நிற்கும்.

கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி மூடிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கொதிப்பு அடங்கிப்போகும், வேகும் நேரமும் நீளும். இளங்கறிக்கு நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். குக்கரில் நான்கு விசில் விட்டு, பிறகு தேக்சாவுக்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றலாம். முதல் தடவைக்கு அது புத்திசாலித்தனமும்கூட. ஆனால் குக்கரில் தண்ணீர் வற்றாது என்பதால், மாற்றிய பிறகு திறந்துவைத்துச் சுண்டவிட வேண்டும்.

வெந்ததா என்று பார்க்க, தொடைத்துண்டு ஒன்றை எடுத்து விரலால் அழுத்துங்கள். நார் பிரிய வேண்டும், ஆனால் எலும்பைவிட்டுக் கழன்று விழக் கூடாது. தம்மில் கறி வெந்துவிடும் என்று நம்பி அரைவேக்காட்டில் அரிசியைப் போடுபவர்கள் நிறையப் பேர். இந்த முறையில் தம் என்பது அரிசிக்காக மட்டும்தான். கறி அதற்குள் பூரணமாக வெந்திருக்க வேண்டும்.

தண்ணீரின் அளவு

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கறியைக் கரண்டியால் சமமாகப் பரப்புங்கள். துண்டுகள் முக்கால்வாசி மூழ்கியிருக்கும் அளவுக்குக் குழம்பு நிற்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டு தம்ளருக்குச் சற்று மேல், ஏறக்குறைய அரை லிட்டர். மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும். இதைவிட அதிகமாக இருந்தால் மூடியைத் திறந்துவைத்துப் பெரிய தீயில் வற்றவிடுங்கள். குறைவாக இருந்தால் வெந்நீர் சேருங்கள். அரிசியில் ஏற்கெனவே முக்கால் பங்கு தண்ணீர் ஏறியிருக்கும். மீதிக் கால் பங்கைத்தான் இந்தக் குழம்பிலிருந்து அது குடிக்கப்போகிறது. குழம்பு கூடினால் பிரியாணி தக்காளிச் சாதமாகக் குழையும். குறைந்தால் வெள்ளைப் பருக்கைகள் விறைத்து நிற்கும்.

உப்பையும் இப்போதே ருசி பாருங்கள். குழம்பு தனியாகச் சாப்பிட்டால் உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சேருங்கள்.

அரிசி

கறி வெந்து முடியும் தறுவாயில் அரிசியை இரண்டு முறை மெதுவாகக் கழுவி, இருபது நிமிடம் ஊறவையுங்கள். சீரகச் சம்பா சின்ன அரிசி. அதற்கு மேல் ஊறினால் உடையும். இன்னொரு பெரிய பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர், கல் உப்பு மூன்று மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு. தளதளவென்று கொதிக்கும்போது வடித்த அரிசியைப் போடுங்கள்.

மறுபடி கொதி வந்ததிலிருந்து நான்கு, ஐந்து நிமிடம்தான். கைபேசியைத் தூர வைத்துவிட்டு அடுப்பின் முன்னே நில்லுங்கள். மூன்றாவது நிமிடத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மீந்திருந்தால் அதுதான் பதம். உடனே பெரிய வடிதட்டில் கொட்டிவிடுங்கள். ஐந்து லிட்டர் கொதிநீரைத் தனியாளாகத் தூக்காமல் துணைக்கு ஒருவரை அழையுங்கள். வடித்த கஞ்சியில் ஒரு சொம்பு எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

தம்

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே வடித்த அரிசியைப் போடுங்கள். அடியிலிருந்து ஒரே ஒரு முறை மெதுவாகப் பிரட்டிச் சமப்படுத்துங்கள். மீதிப் புதினா, கொத்துமல்லியைத் தூவி, நெய்யைச் சுற்றி ஊற்றுங்கள். ஓரங்களில் குழம்பு குமிழியிட்டு நீராவி மேலே வரும்வரை மூன்று நிமிடம் மிதமான தீ. பிறகு வாழையிலையால் மூடி, அதன்மேல் இறுக்கமான தட்டு, அதன்மேல் ஒரு பாத்திரம் நிறையக் கொதிநீர். கடைகளில் மூடிமேல் நெருப்புத் துண்டுகளை அள்ளிப் போடுவார்கள். வீட்டில் அந்தக் கொதிநீர் பாரமும் ஆகும், மேல்சூடும் ஆகும். தேக்சாவுக்கு அடியில் பழைய தோசைக்கல்லைச் செருகித் தீயை ஆகக் குறைவாக வையுங்கள். பதினெட்டு நிமிடம். அணைத்துவிட்டு இன்னும் பதினைந்து நிமிடம்.

இந்த அரை மணி நேரத்தில் யாராவது வந்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்கள்தான், அதட்டவும் முடியாது. அவர்களிடம் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவது என் அனுபவத்தில் நல்ல உபாயம். பச்சடிக்கு உப்பை மட்டும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். முன்கூட்டிப் போட்டால் வெங்காயம் தண்ணீர் விடும்.

திறந்ததும் நடுவில் கரண்டியை விட்டுக் கிண்டாதீர்கள். ஒரு சிறு தட்டை ஓரமாக இறக்கி, அடிவரை போய் அள்ளுங்கள். அப்போதுதான் கறியும் சோறும் சேர்ந்து வரும், பருக்கையும் உடையாது.

கத்திரிக்காய்த் தொக்கு

இது இல்லாமல் ஆம்பூர் பிரியாணியைப் பரிமாறுவது எனக்குச் சம்மதமில்லை. அரைக் கிலோ பிஞ்சுக் கத்திரிக்காயை நான்காகக் கீறி, நல்லெண்ணெயில் தோல் சுருங்க வதக்கி எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் கடுகு, கொஞ்சம் வெந்தயம், இரண்டு வெங்காயம், ஒரு கரண்டி இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகக் கொதித்ததும் வறுத்து அரைத்த எள்ளும் நிலக்கடலையும் தலா இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள். கத்திரிக்காயைத் திரும்பப் போட்டு எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் விடுங்கள். ஒரு துண்டு வெல்லம், முடிந்தது.

ஏதாவது தவறினால்

திறக்கும்போது அரிசி விறைப்பாக இருந்தால், எடுத்து வைத்த கஞ்சியைச் சூடாக்கி அரைத் தம்ளர் தெளித்து, மூடி, குறைந்த தீயில் ஏழு நிமிடம் விடுங்கள். ஈரம் அதிகமாகத் தெரிந்தால் மூடியை எடுத்துவிட்டுத் தோசைக்கல்மேல் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள், கிளறக் கூடாது. அடி பிடித்திருந்தால் சுரண்டாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காரம் மிஞ்சிவிட்டால் பச்சடியைக் கூடுதலாகக் கலக்குங்கள், வேறு மருந்தில்லை.

பதினாறு பேருக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இரட்டித்து ஒரே தேக்சாவில் போடாதீர்கள். வீட்டு அடுப்பின் சூடு அவ்வளவு பெரிய பாத்திரத்தில் சீராக ஏறாது. அடியில் கருகும், மேலே வேகாது. இரண்டு தேக்சா, இரண்டு அடுப்பு, இரண்டாவதை அரை மணி நேரம் தள்ளித் தொடங்கினால் சூடாகவே அடுத்த பந்திக்கும் கிடைக்கும். மீந்ததை இரவு முழுவதும் தேக்சாவிலேயே விட்டுவைக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் இட்லிப் பானையில் ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் போதும், தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை.