கப்பல் சுற்றுலாவில் உடம்புக்கு முடியாமல் போனால்: வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

மாத்திரை அட்டையைக் கத்தரித்து நாலும் ஐந்துமாக வாங்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கப்பல் ஏறுவதற்கு முன்னால் அதை நிறுத்துங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன்.

சிங்கப்பூரில் இருந்து கிளம்புகிற நாலு நாள் கப்பலில் அப்பாவையும் அம்மையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் அப்பாவுக்குக் குப்பென்று வியர்த்தது, தலை சுற்றியது, பேச்சும் கொஞ்சம் குழறியது. குளச்சல்காரருக்கே கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேலி செய்துகொண்டு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டிருந்தோம், மடத்தனம்தான். அரைமணி நேரம் கழித்துத்தான் கப்பலின் மருத்துவ அறைக்குப் போனோம். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. உடனே குளுக்கோஸ் கொடுத்துவிட்டு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அப்பா எப்போதும் வைத்திருக்கும் நகைக்கடைப் பர்ஸை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் வெட்டின துண்டுகள். ஒன்றில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து, இன்னொன்றில் விலை மட்டும், மற்றதில் அதுவும் இல்லை. டாக்டர் ஒவ்வொரு துண்டாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மைக்குத் தெரிந்ததெல்லாம் “காலையில வெள்ளை, ராத்திரி ரோஸ்”. கடைசியில் நாகர்கோவிலில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடை அண்ணனை வாட்ஸாப்பில் பிடித்துக் கேட்டதில்தான் சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு என்று தெரிந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டு ஹாலில் கூட்டமாக இருக்கிறதே, அப்புறம் போகலாம் என்று மனுஷன் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த மாத்திரை ஒருமுறை குளுக்கோஸ் கொடுத்த பிறகும் சர்க்கரையை மறுபடி இறக்கிவிடுமாம், அதனால் சாயங்காலம் வரை அங்கேயே படுக்க வைத்து மணிக்கொரு தரம் பார்த்தார்கள். பெயர் தெரியாமல் இருந்திருந்தால் கேபினுக்குத் திரும்பி வந்திருப்போம் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

அதனால் முழு அட்டையாக வாங்குங்கள். உங்கள் டாக்டரிடம் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்: என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எதற்கு ஒவ்வாமை. மருந்தைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் ஊர் பிராண்டு பெயர் வெளிநாட்டு டாக்டருக்கு ஒன்றும் சொல்லாது, மெட்ஃபார்மின் என்றால் உலகம் முழுக்கப் புரியும். இதய நோயாளி என்றால் கடைசியாக எடுத்த இசிஜியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய உதவி.

மருந்து மொத்தமும் கைப்பையில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போதும் சரி, கப்பல் ஏறும்போதும் சரி. கப்பலில் பெரிய பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலமோ ராத்திரியோதான் அறை வாசலில் கொண்டு வைப்பார்கள். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் குளிர்பெட்டி வேண்டும் என்று புக் பண்ணும்போதே எழுதிக் கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை இதெல்லாம் இருந்தால் இறங்கப்போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். சிங்கப்பூரிலும் துபாய்ப் பக்கமும் இதில் ரொம்பக் கறார், முன்அனுமதி கேட்பார்கள்.

கப்பலில் என்ன கிடைக்கும்? பெரிய கப்பல்களில் டாக்டரும் நர்சுகளும் இருப்பார்கள், இசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஷாக் கொடுத்துச் சீராக்கும் கருவி எல்லாம் இருக்கும். நம் கணக்கில் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மேல், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ரொம்பக் கீழ். ஸ்கேன், பெரிய ஆபரேஷன் எல்லாம் பொதுவாகக் கிடையாது. ஆளை நிலைப்படுத்தி அடுத்த துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. டயாலிசிஸ் செய்கிறவர்கள் தனி ஏற்பாடு இல்லாமல் கிளம்பவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு 24 வாரம் ஆகிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள், அதுவும் பயணம் முடியும் நாள் வரைக்கும் சேர்த்துத்தான் கணக்கு.

ஏறின அன்றைக்கே மருத்துவ அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். காலையும் மாலையும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், ஆனால் அவசரம் என்றால் எந்த நேரமும் ஆள் உண்டு. அந்த எண் அறையில் இருக்கும் தொலைபேசியிலேயே ஒட்டியிருக்கும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது என்றால் லிஃப்ட் தேடி நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். கூப்பிட்டால் அவர்களே வருவார்கள்.

கடல் மயக்கத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகில் ஏறினாலே ஓக்காளம் வருகிறவர்கள்கூடப் பெரிய கப்பலில் சமாளித்துவிடுவார்கள், ஆட்டம் குறைவு. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். அவோமின் மாதிரி மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும், சர்த்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரும். புராஸ்டேட் தொந்தரவு, கண் அழுத்தம் இருக்கிற பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

வாந்தியோடு பேதியும் சேர்ந்தால் கதை வேறு. கப்பலில் நோரோவைரஸ் வந்தால் மளமளவென்று பரவும். அறைக்குள்ளேயே அடைத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். அடைப்பது உண்மைதான், அறிகுறி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருக்கச் சொல்வார்கள், ஆனால் சாப்பாடும் மருந்தும் அறைக்கே வரும். நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இருக்கட்டும். சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இந்த வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது.

இனி பணம். பார்த்தவுடன் பில் போடுவார்கள், பெரும்பாலும் டாலரில், உங்கள் கப்பல் கணக்கில் ஏறிவிடும். எங்களுக்கு அந்த ஒரு பகலுக்கு ரூபாயில் ஐந்து இலக்கம் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ ஆபீசில் கொடுத்த மெடிக்ளைம் கார்டோ அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுங்கள். எடுக்கும்போது மூன்றே கேள்வி, மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: கப்பல் பயணத்துக்குச் செல்லுமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்குச் செல்லுமா, நடுவழியில் இறக்கிக் கொண்டுபோகும் செலவு அடங்குமா. ஹெலிகாப்டர் வருவது தூரத்தையும் வானிலையையும் பொறுத்தது, கேப்டன்தான் முடிவெடுப்பார், அந்தச் செலவு கையில் இருந்து கட்டக்கூடியது இல்லை. சர்க்கரையை மறைத்து எடுத்த பாலிசி க்ளைம் நேரத்தில் கைவிரிக்கும், மக்கா.

வழியில் இறங்க வேண்டி வந்தால் நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள், கப்பல் காத்திருக்காது. பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தில் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் ஒருவர் இருப்பார், அவர் எண்ணையும் வாங்குங்கள். காப்பீட்டுக் கம்பெனியின் 24 மணி நேர எண்ணுக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் இழுத்தடிப்பார்கள்.

கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னால் மருத்துவ அறைக்கு மறுபடி ஒருமுறை போய் இனம் பிரித்த பில், டாக்டர் கையெழுத்துப் போட்ட அறிக்கை, பணம் கட்டின ரசீது மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் கணக்கின் மொத்தப் பட்டியலை மட்டும் நாங்கள் கொண்டுவந்தோம், அதில் “மருத்துவம்” என்று ஒரே வரி. மீதியை மெயில் போட்டு வாங்க இரண்டு மாதம் ஆனது.