ஏற்காடு போகும் முன் பையில் வையுங்கள்

நண்பர்களோடு ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கப் போகிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அறைக்குள் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மது உள்ளே போனால் இந்த நிமிடம்தான் பெரிதாகத் தெரியும், நாளைய விளைவு மங்கிவிடும். கஞ்சாவும் போதை மாத்திரையும் நிதானத்தைக் குலைப்பவைதான். 'இந்த ஒரு தடவை ஆணுறை இல்லாமல் பரவாயில்லை' என்று தோன்றுவது அப்போதுதான். எனவே முடிவைத் தெளிவாக இருக்கும்போதே எடுத்து, சேலத்திலேயே ஆணுறை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிப் பெட்டியின் சூட்டில் வைக்காதீர்கள். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். போதையில் தள்ளாடுபவர் 'சரி' என்றாலும் அது சம்மதம் ஆகாது. படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவர் துணையிருங்கள்.

ஆணுறை இல்லாமல் உறவு நடந்துவிட்டதா? வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையையும் தாமதிக்காமல் சாப்பிட வேண்டும். மலையிலிருந்து இறங்கியதும் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கேட்கத் தயக்கமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.